நடுவில் நிற்பது யார்? மலையகத்திலிருந்து இணையம் பாவிப்போருக்கு ஒரு புரொக்ஸி வழிகாட்டி

தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்து வீடுகளுக்குத் தனி முகவரி கிடையாது. அம்மா பெயருக்குக் கடிதம் வந்தால் உறையில் தோட்டத்தின் பெயர், டிவிஷன் பெயர், கடைசியில் ஹட்டன் என்று இருக்கும். டிவிஷனில் இருந்த அத்தனை குடும்பத்துக்கும் அதே மூன்று வரிதான். தப்பால்காரர் டவுனிலிருந்து பையைச் சுமந்து வந்து தோட்டத்து ஆபீசில் வைப்பார். அங்கே பிரித்து, வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக்களத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். யாருக்குக் கொழும்பிலிருந்து கடிதம், யாருக்கு வங்கியிலிருந்து கடிதம் என்பது வீட்டுக்காரருக்கு முன் ஆபீசுக்குத் தெரிந்துவிடும். உறை ஒட்டியபடியே கைக்கு வரும் என்று யாரும் உத்தரவாதம் தந்ததில்லை.

என் கொமியூனிகேஷன் கடைக்கு வரும் பிள்ளைகள் "அண்ணே, புரொக்ஸி போட்டா யாருக்கும் தெரியாதுதானே?" என்று கேட்கும்போதெல்லாம் இந்தத் தப்பால் கதையைத்தான் சொல்கிறேன். நீங்கள் ஓர் இணையத்தளத்தைத் திறக்கும்போது உங்கள் இணைப்பை அடையாளம் காட்டும் இலக்கமான ஐபி முகவரி உறையின் மேல் எழுதப்பட்டுப் போகிறது. புரொக்ஸி என்பது சிங்கப்பூரிலோ நெதர்லாந்திலோ இருக்கும் ஒரு நடு ஆள். உங்கள் கடிதத்தை அவருக்கு அனுப்புகிறீர்கள், அவர் தன் முகவரியைப் போட்டுத் தளத்துக்கு அனுப்புகிறார், பதிலையும் அவரே வாங்கி உங்களிடம் தருகிறார். தளத்துக்கு அவர் முகவரிதான் தெரியும். ஆனால் அவருக்கு இரண்டு பக்கமும் தெரியும். தோட்டத்து ஆபீசைத் தாண்டிப் போக வேறோர் ஆபீசைப் பிடித்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். அந்த ஆபீசில் உட்கார்ந்திருப்பவர் யார் என்பதைப் பார்க்காமல் பட்டனைத் தட்டுவதுதான் நம் பிள்ளைகள் செய்யும் பிழை.

முதலில்: யாரிடமிருந்து?

எந்த அப்பையும் இறக்க முன் ஒரு நிமிடம் யோசியுங்கள். நீங்கள் பார்ப்பது யார் கண்ணில் படக்கூடாது?

வீட்டில் ஒரே போனைத் தம்பியும் அக்காவும் மாறி மாறிப் பாவிக்கிறீர்களா? பெண் பிள்ளை மாதவிடாய் பற்றியோ மனச்சோர்வு பற்றியோ தேடியது வீட்டாருக்குத் தெரிய வேண்டாம் என்றால் புரொக்ஸி தேவையே இல்லை. பிரவுசரின் இன்கொக்னிட்டோ ஜன்னல் போதும். அது அந்தப் போனில் வரலாற்றை மிச்சம் வைக்காது. அதற்கு மேல் அது எதுவும் செய்யாது. சிம் நிறுவனத்துக்கும் தளத்துக்கும் வழமையாகத் தெரிவது அப்படியே தெரியும்.

கொழும்பில் ஒரு வீட்டிலோ கடையிலோ வேலை செய்துகொண்டு முதலாளியின் வைபையைப் பாவிக்கும் ஆயிரக்கணக்கான மலையகப் பிள்ளைகளுக்குப் பிரச்சினை வேறு. அந்த ரவுட்டரின் கடவுச்சொல் யார் கையில் இருக்கிறதோ, அவர் நினைத்தால் எந்தப் போன் எந்தத் தளத்துக்கு எத்தனை மணிக்குப் போனது என்று பார்க்கலாம். வேறு வேலை தேடி வேலைவாய்ப்புத் தளத்தைத் திறந்ததும் தெரியும், தொழிற்சங்கப் பக்கத்தைப் பார்த்ததும் தெரியும். எல்லவிலும் நுவரெலியாவிலும் விருந்தினர் விடுதிகளில் வேலை செய்பவர்களுக்கும் இதே கதைதான். இவர்களுக்கு ஒரு நல்ல நடு ஆள் உண்மையிலேயே உதவுவார்.

சிம் டேட்டா பாவிப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். மொபைல் நிறுவனங்கள் பெரும்பாலும் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது ஐபி முகவரிக்குப் பின்னால் வைக்கின்றன. தோட்டத்துக்கே ஒரு முகவரி இருந்ததைப்போல. ஹட்டனில் இருந்துகொண்டு உங்கள் ஐபி எந்த ஊரைக் காட்டுகிறது என்று பாருங்கள், பெரும்பாலும் கொழும்பு என்றுதான் வரும். ஆகவே தளத்துக்கு உங்கள் லயம் தெரியாது. ஆனால் எந்த நேரத்தில் எந்த சிம் அந்த முகவரியைப் பாவித்தது என்று தேடிக் கண்டுபிடிக்க நிறுவனத்தால் முடியும். சிம் அடையாள அட்டைக்குப் பதிவானது.

விளம்பரக்காரர்களிடமிருந்து தப்புவதுதான் நோக்கம் என்றால் புரொக்ஸி கால்வாசிதான் உதவும். அதற்குக் காரணம் பின்னால் வருகிறது.

உறைக்குள் என்ன, உறையின் மேல் என்ன

இன்று பெரும்பாலான தளங்கள் எச்டிடிபிஎஸ் முறையில் இயங்குகின்றன. உங்கள் பிரவுசருக்கும் தளத்துக்கும் இடையில் போவது பூட்டிய உறை. நடுவில் நிற்பவர் உள்ளே இருப்பதைப் படிக்க முடியாது. ஆனால் எந்தத் தளத்துக்குப் போகிறது, எவ்வளவு பெரியது, எத்தனை மணிக்கு என்பதெல்லாம் உறையின் மேல் இருக்கும். வைத்தியத் தளத்தின் பெயர் தெரியும், நீங்கள் வாசித்த நோயின் பெயர் தெரியாது. சில நேரம் தளத்தின் பெயரே போதுமான கதையைச் சொல்லிவிடும்.

இதை விளங்கிக்கொண்டால் நடு ஆட்களின் வகைகளைத் தரம் பிரிக்கலாம்.

ஒரு பக்கத்தைத் திறந்து, அதிலுள்ள பெட்டிக்குள் தள முகவரியைத் தட்டச்சு செய்யும் வகை ஒன்று இருக்கிறது. பள்ளிக்கூட லேபில் பேஸ்புக் திறக்கப் பிள்ளைகள் தேடிப்போவது இதைத்தான். இது மிக ஆபத்தானது. உங்கள் பூட்டிய உறை அந்தப் புரொக்ஸிக் கம்பியூட்டர் வரைதான் பூட்டியிருக்கும். அங்கே திறந்து, படித்து, திரும்ப ஒட்டித்தான் தளத்துக்கு அனுப்புகிறார்கள். கடவுச்சொல் உட்பட எல்லாம் அவர்கள் கண்முன். என் கடையிலேயே ஒரு பையன் இப்படி ஒன்றின் வழியாக உள்நுழைந்து, இரண்டே நாளில் அவனுடைய கணக்கிலிருந்து அவனுடைய சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் காசு கேட்டு மெசேஜ் போனது. செய்திகள் வாசிக்க, ஒரு பொதுப் பக்கத்தைப் பார்க்க இந்த வகை பரவாயில்லை. எதிலும் உள்நுழையாதீர்கள்.

இரண்டாவது, பிரவுசரிலோ போனிலோ ஒரு முகவரியும் ஒரு போர்ட் இலக்கமும் (அந்தக் கம்பியூட்டரில் நுழையும் வாசலின் எண்) கொடுத்துப் பாவிக்கும் எச்டிடிபி புரொக்ஸியும் சொக்ஸ்5 புரொக்ஸியும். இவை எச்டிடிபிஎஸ் உறையைத் திறக்காமல் அப்படியே கடத்தும். ஆனால் ஒன்றை மறக்காதீர்கள். சொக்ஸ்5 தானாக எதையும் பூட்டுவதில்லை. உங்களுக்கும் புரொக்ஸிக்கும் இடையில் ஓடும் பாதை திறந்த பாதைதான். நீங்கள் கொடுக்கும் பயனர் பெயரும் கடவுச்சொல்லும்கூட அதில் வெறும் எழுத்தாகவே போகும். முதலாளியின் ரவுட்டரிலிருந்து மறைய இது போதாது.

மூன்றாவது விபிஎன். போனிலிருந்து நடு ஆள் வரை முழுப் பாதையையும் பூட்டிவிடும், பிரவுசர் மட்டுமில்லாமல் எல்லா அப்பும் அதன் வழியாகவே போகும். ரவுட்டர்காரருக்கும் சிம் நிறுவனத்துக்கும் "ஏதோ ஒரு விபிஎன் சேவைக்குப் போகிறது" என்பது மட்டும்தான் தெரியும். ஒபேரா பிரவுசருக்குள் இலவசமாக வரும் விபிஎன் உண்மையில் அந்தப் பிரவுசருக்கு மட்டுமான பூட்டிய புரொக்ஸி. பெயரைப் பார்த்து வட்ஸ்அப்பும் அதற்குள் போகிறது என்று நினைக்க வேண்டாம்.

நான்காவது டோர். ஒரு நடு ஆளுக்குப் பதிலாக மூன்று பேர். முதல் ஆளுக்கு உங்களைத் தெரியும், தளத்தைத் தெரியாது. கடைசி ஆளுக்குத் தளத்தைத் தெரியும், உங்களைத் தெரியாது. முழுக் கதையும் எந்த ஒருவர் கையிலும் இல்லை. என் கணக்கில், நடு ஆள் பிரச்சினைக்கு நேர்மையான தீர்வு என்றால் இது ஒன்றுதான். ஆனால் மெதுவாக இருக்கும், மழை நாளில் மஸ்கெலியாப் பக்கம் ஒரு கோடு சிக்னலில் பொறுமை வேண்டும். கடைசி ஆள் உறை பூட்டாத தளங்களின் உள்ளடக்கத்தைப் படிக்க முடியும் என்பதையும் நினைவில் வையுங்கள். 2007இல் ஒரு சுவீடன் பாதுகாப்பு ஆய்வாளர் அப்படிக் கடைசி இடத்தில் நின்றே பல தூதரகங்களின் மின்னஞ்சல் கடவுச்சொற்களைப் பிடித்து வெளியிட்டார். டோர் உடையவில்லை, அவர்கள்தான் பூட்டாத உறையில் அனுப்பியிருந்தார்கள்.

இடையில் ஒரு பழைய கதை. நோக்கியா போன் காலத்தில் மலையகத்தில் எல்லோர் கையிலும் ஒபேரா மினி இருந்தது. டேட்டா மிச்சம், பக்கம் சீக்கிரம் வரும். அது எப்படிச் சாத்தியமானது தெரியுமா? பக்கத்தை ஒபேராவின் சேவையகம் திறந்து, சுருக்கி, நமக்கு அனுப்பியது. அதாவது நாமெல்லாம் ஏற்கனவே வருடக்கணக்கில் புரொக்ஸி பாவித்தவர்கள்தான். இன்றும் அதன் அதிகபட்சச் சுருக்க முறையில் உங்களுக்கும் தளத்துக்கும் இடையில் முழுப் பூட்டு கிடையாது. வங்கி வேலையை அதில் செய்யாதீர்கள்.

இலவச நடு ஆள் எதைச் சாப்பிடுகிறார்?

இலவச புரொக்ஸிப் பட்டியல்கள் இணையத்தில் கொட்டிக்கிடக்கின்றன. ஐபி, போர்ட், நாடு, வேகம் என்று நீளமான அட்டவணைகள். அவற்றில் பல, உரிமையாளருக்கே தெரியாமல் திறந்துகிடக்கும் கம்பியூட்டர்கள். வேறு சில வேண்டுமென்றே விரித்த வலைகள். இவற்றை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

அப் கடையில் கிடைக்கும் இலவச விபிஎன்களும் அப்படித்தான். அவுஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ ஆய்வாளர்களும் கூட்டாளிகளும் 2016இல் 283 அண்ட்ரொய்ட் விபிஎன் அப்களைப் பிரித்துப் பார்த்தார்கள். 38 சதவீதத்தில் தீநிரல் அடையாளம், 75 சதவீதத்தில் வெளியாரின் கண்காணிப்புக் குறிநிரல், 18 சதவீதம் எதையும் பூட்டவே இல்லை. மறைக்கப் போட்ட திரையே கண்ணாடி. 2015இல் ஹோலா என்ற பிரபல இலவசச் சேவை, தன் பாவனையாளர்களின் இணைப்பை வேறு வாடிக்கையாளர்களுக்கு விற்பது வெளியே வந்தது. ஹோலாவைப் போட்டவர் தானே மற்றவர்களுக்குப் புரொக்ஸியாகிப் போனார். முன்பின் தெரியாத ஒருவர் உங்கள் முகவரியில் நின்று குற்றம் செய்தால் பொலிஸ் முதலில் வருவது உங்கள் வாசலுக்கு. பேஸ்புக் 2013இல் வாங்கிய ஒனாவோ என்ற விபிஎன், மக்கள் எந்த அப்பை எவ்வளவு பாவிக்கிறார்கள் என்று கம்பனிக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. ஆப்பிள் அழுத்தம் கொடுத்ததால் 2018இல் அதை ஆப்பிளின் அப் கடையிலிருந்து பேஸ்புக் எடுத்துக்கொண்டது.

அப்படியென்றால் எதைப் பாவிப்பது? காசு கட்ட முடியாதவர்களுக்கு இரண்டு சொல்வேன். ஒன்று டோர் பிரவுசர். மற்றது புரோட்டன் விபிஎன்னின் இலவசத் திட்டம். சுவிட்சர்லாந்து நிறுவனம், டேட்டா அளவுக்கு வரம்பில்லை, எந்த நாட்டு சேவையகம் என்று நாம் தேர்ந்தெடுக்க முடியாது என்பது ஒரு குறை. காசு கட்டும் வாடிக்கையாளர்கள் இலவசக்காரர்களைச் சுமக்கிறார்கள், ஆகவே கணக்குப் பொருந்துகிறது. காசு கட்ட முடிந்தவர்களுக்கு முல்வாட் என்ற சுவீடன் விபிஎன். மாதம் 5 யூரோ, மின்னஞ்சல்கூடக் கேட்பதில்லை, ஓர் இலக்கம் மட்டும் தருவார்கள். 2023 ஏப்ரலில் சுவீடன் பொலிஸ் சோதனை ஆணையோடு அவர்கள் அலுவலகத்துக்குப் போய், எடுக்க ஒன்றுமில்லாமல் வெறுங்கையோடு திரும்பியது. "நாங்கள் பதிவு வைப்பதில்லை" என்று எழுதிவைப்பதைவிட அப்படி ஒரு நாள் பெரிய சாட்சி.

சேவையக நாடு பற்றியும் ஒரு சொல். நமக்குக் கிட்டத்தில் இருப்பது மும்பையும் சிங்கப்பூரும். வேகத்துக்கு மும்பை ஆசைகாட்டும். ஆனால் இந்திய அரசின் சேர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரலில் போட்ட விதி, விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளர் விபரங்களை 5 வருடம் வைத்திருக்க வேண்டும் என்கிறது. பெயர்பெற்ற பல நிறுவனங்கள் இந்தியாவிலிருந்த சேவையகங்களைக் கழற்றிவிட்டன. நான் சிங்கப்பூரைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

இனி வேலைக்கு வருவோம்

புரொக்ஸிக்கு முன்னால் பிரவுசரைச் சரிசெய்யுங்கள். பயர்பொக்சில் தனியுரிமைப் பகுதிக்குப் போய் "எச்டிடிபிஎஸ்-ஒன்லி மோட்" என்பதை எல்லா ஜன்னல்களுக்கும் போடுங்கள். குரோமில் அதன் பெயர் "ஒல்வேஸ் யூஸ் செக்கியூர் கனெக்ஷன்ஸ்". பூட்டுப் படத்தைத் தேடிக் குழம்ப வேண்டாம். குரோம் 2023இல் அதை எடுத்துவிட்டு இரண்டு சிறு கோடும் வட்டமும் கொண்ட ஒரு குறியை வைத்துவிட்டது. அண்ட்ரொய்ட் 9 அல்லது அதற்குப் பிந்திய போன் என்றால் நெட்வொர்க் செட்டிங்சில் "பிரைவேட் டிஎன்எஸ்" இருக்கும். அதில் மூன்றாவது தெரிவை எடுத்து, ஆங்கில எழுத்தில் dns.quad9.net என்று அடியுங்கள். தளத்தின் பெயரைத் தேடிக் கேட்கும் கேள்வி இனிப் பூட்டிய உறையில் போகும். இது இலவசம், வேகமும் குறையாது. புரொக்ஸி போடாதவர்களும் இதை மட்டுமாவது செய்யலாம்.

கம்பியூட்டரில் சொக்ஸ்5 போட விரும்புபவர்கள் பயர்பொக்சையே எடுங்கள். குரோம் விண்டோசின் பொதுப் புரொக்ஸியைத்தான் பின்பற்றும், பயர்பொக்சுக்குத் தனிப் பெட்டி இருக்கிறது. செட்டிங்ஸ் திறந்து, ஜெனரல் பகுதியின் அடிவரை இறங்குங்கள், "நெட்வொர்க் செட்டிங்ஸ்" இருக்கும். அதற்குள் "மெனுவல் புரொக்ஸி கொன்பிகரேஷன்" என்பதைத் தெரிந்து, சொக்ஸ் ஹோஸ்ட் என்ற இடத்தில் சேவை தந்த முகவரியையும் பக்கத்தில் போர்ட்டையும் போடுங்கள். வழமையான போர்ட் 1080, ஆனாலும் தந்ததையே போடுங்கள். கீழே "சொக்ஸ் வி5" புள்ளியைத் தெரிவுசெய்யுங்கள். அதற்கும் கீழே ஒரு சிறு கட்டம், "புரொக்ஸி டிஎன்எஸ் வென் யூசிங் சொக்ஸ் வி5". அது போட்டிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். அது போடாவிட்டால் பக்கம் சிங்கப்பூர் வழியாக வரும், ஆனால் தளத்தின் பெயரைக் கேட்கும் கேள்வி மட்டும் உங்கள் சிம் நிறுவனத்திடமே போகும். கடிதத்தைக் களவாக அனுப்பிவிட்டு, முகவரியை ஆபீஸ் கிளாக்கரிடம் கேட்டு எழுதின மாதிரி. பயர்பொக்சின் இந்தப் பெட்டியில் சொக்ஸ்5க்கான பயனர் பெயரும் கடவுச்சொல்லும் போட இடமில்லை. சேவை அதைக் கேட்டால் பொக்சிபுரொக்ஸி என்ற நீட்சியைப் போட்டுக்கொள்ளுங்கள்.

நீட்சி என்றதும் ஒரு எச்சரிக்கை. பெயர் தெரியாத புரொக்ஸி நீட்சிகள் "எல்லாத் தளங்களிலும் உள்ள உங்கள் தரவை வாசிக்கவும் மாற்றவும்" அனுமதி கேட்கும். கேட்பதை அப்படியே அர்த்தப்படுத்திக்கொள்ளுங்கள். அவர்கள் பூட்டிய உறைக்கு வெளியே நிற்கவில்லை, உங்கள் தோளுக்குப் பின்னால் நிற்கிறார்கள்.

அண்ட்ரொய்ட் போனில் வைபைக்கு மட்டும் புரொக்ஸி போடலாம். வைபை பட்டியலில் உங்கள் இணைப்பின் பக்கத்திலுள்ள பல்சக்கரத்தைத் தொட்டு, பென்சில் படத்தைத் தொட்டு, "அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ்" திறந்து, புரொக்ஸி என்பதை மெனுவல் ஆக்கினால் இரண்டு பெட்டி வரும். போட்டுவிட்டுக் கீழே வரும் சிறு எழுத்தை வாசியுங்கள். பிரவுசர் இதைப் பாவிக்கும், மற்ற அப்கள் பாவிக்காமலும் இருக்கலாம் என்று போனே சொல்கிறது. அத்தோடு வைபையை விட்டு சிம் டேட்டாவுக்கு மாறினால் இந்த அமைப்பு உங்களோடு வராது. இந்த இரண்டு காரணத்தாலும் போனில் புரொக்ஸிப் பெட்டியோடு மல்லுக்கட்டுவதை விட்டு விபிஎன் அப் போடச் சொல்வேன்.

மலையில் விபிஎன் போடுபவர்கள் கட்டாயம் செய்ய வேண்டிய ஒன்று இருக்கிறது. தலவாக்கலையிலிருந்து நானுஓயாவுக்கு ரயிலில் போகும்போது சிக்னல் எத்தனை தரம் போய் வருகிறது என்று எண்ணிப்பாருங்கள். ஒவ்வொரு தரமும் விபிஎன் அறுந்து மறுபடி ஒட்டும். அறுந்த அந்தச் சில வினாடிக்குள் போன் சும்மா இருப்பதில்லை. திறந்த பாதையிலேயே எல்லாவற்றையும் அனுப்பிவிடும். செட்டிங்சில் விபிஎன் பகுதிக்குப் போய், அப்பின் பக்கத்துப் பல்சக்கரத்தைத் தொட்டு, "ஒல்வேஸ்-ஒன் விபிஎன்", "புளொக் கனெக்ஷன்ஸ் விதவுட் விபிஎன்" இரண்டையும் போடுங்கள். இனி விபிஎன் இல்லையென்றால் இணையமே இல்லை. அப்புக்குள் நெறிமுறை தெரிவுசெய்யும் இடத்தில் வயர்கார்ட் இருந்தால் அதையே எடுங்கள். வைபையிலிருந்து சிம்முக்கு மாறினாலும், முகவரி மாறினாலும் அது சட்டென்று தொடரும். நம் பாதைகளுக்கு அதுதான் பொருத்தம். டேட்டா கொஞ்சம் கூடப் போகும், ரீலோட் கணக்கில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எந்தச் சேவையாவது ஒரு "சான்றிதழை" போனில் நிறுவச் சொன்னால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். அதை நிறுவினால் பூட்டிய உறைகளைத் திறக்கும் சாவியை நீங்களே கொடுத்ததாகும். 2019இல் கசகஸ்தான் அரசு மக்களை அப்படி ஒரு சான்றிதழை நிறுவச் சொன்னது. பயர்பொக்சும் குரோமும் சபாரியும் சேர்ந்து அந்தச் சான்றிதழையே செல்லாததாக்கின.

போட்டாயிற்று, ஒழுகுகிறதா?

தகரக் கூரைக்குத் தார் பூசிவிட்டு முதல் மழையைப் பார்ப்போமே, அதேபோலத்தான். புரொக்ஸி போடுமுன் பிரவுசர்லீக்ஸ் என்ற தளத்துக்குப் போய் உங்கள் ஐபியையும் நிறுவனப் பெயரையும் ஒரு தாளில் எழுதுங்கள். போட்டபின் திரும்பப் பாருங்கள்.

ஐபி மாறியிருக்க வேண்டும். ஐபி முகவரியில் இரண்டு பதிப்பு உண்டு. நான்காம் பதிப்பு (ஐபிவி4) மட்டும் மாறி, ஆறாம் பதிப்பு (ஐபிவி6) என்ற நீளமான முகவரி பழையபடியே இருந்தால் ஒழுகுகிறது. டிஎன்எஸ் பகுதியில் உங்கள் சிம் நிறுவனத்தின் பெயர் வந்தால் ஒழுகுகிறது. வெப்ஆர்டிசி என்று ஒரு பகுதி இருக்கும். வீடியோ அழைப்புக்காகப் பிரவுசரில் வைத்த வசதி அது, சில நேரம் புரொக்ஸியைச் சுற்றிக்கொண்டு போய் உண்மை முகவரியைச் சொல்லிவிடும். பயர்பொக்சில் யூபுளொக் ஒரிஜின் நீட்சியைப் போட்டு, அதன் அமைப்புகளில் வெப்ஆர்டிசி கசிவைத் தடுக்கும் கட்டத்தைத் தெரிவுசெய்யுங்கள். அந்த நீட்சி போனிலுள்ள பயர்பொக்சிலும் ஓடும். விளம்பரங்களையும் சேர்த்துத் தடுப்பதால் டேட்டா மிச்சமாகும். விபிஎன் கூட்டிய செலவை இது ஈடுகட்டிவிடும்.

முகத்தை மூடிக்கொண்டு, நீங்களே பெயரைச் சொன்னால்

முன்னே சொன்ன கால்வாசிக் கதை இதுதான். புரொக்ஸியைப் போட்டுக்கொண்டு கூகுளிலும் பேஸ்புக்கிலும் உள்நுழைந்தால், ஐபி சிங்கப்பூர் என்று காட்டினாலும் அவர்களுக்கு நீங்கள் யாரென்று தெரியும். நீங்கள்தான் பெயரைச் சொல்லி உள்ளே வந்தீர்கள். பிரவுசருக்கு இருப்பிட அனுமதி கொடுத்திருந்தால் போனின் ஜிபிஎஸ் லயத்து வாசல் வரை சொல்லிவிடும். அந்த அனுமதியை எடுத்துவிடுங்கள்.

அடுத்தது பிரவுசரின் கைரேகை. திரை அளவு, எழுத்துருக்கள், மொழி, நேர வலயம் என்று சின்னச் சின்ன விபரங்களைச் சேர்த்தாலே ஒரு பிரவுசரைத் தனியாக அடையாளம் காணலாம். 2010இல் இணைய உரிமைகளுக்காக இயங்கும் ஈஎப்எப் அமைப்பு செய்த சோதனையில் 83.6 சதவீதமான பிரவுசர்கள் தனித்துவமானவையாக இருந்தன. நம் நிலைமை இன்னும் மோசம். சிங்கப்பூர் முகவரி, ஆனால் நேரம் கொழும்பு நேரம், பிரவுசரின் மொழி இலங்கைத் தமிழ். அந்தச் சேவையகத்தில் அப்படி எத்தனை பேர் இருப்பார்கள்? கூட்டத்தில் மறையப் போய், சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு நிற்கும் கதை. டோர் பிரவுசர் இதற்காகவே எல்லோருக்கும் ஒரே நேரத்தைக் காட்டும், ஜன்னல் அளவையும் ஒன்றாக்கும். முதல் தரம் திறக்கும்போது பக்கங்களை ஆங்கிலத்தில் கேட்கட்டுமா என்று அது கேட்டால் ஆமென்று சொல்லுங்கள். தமிழ்ப் பற்றைக் காட்டும் இடம் அதுவல்ல. அதில் வேறு நீட்சிகள் எதையும் போடாதீர்கள், ஜன்னலைப் பெரிதாக்கவும் வேண்டாம்.

எந்த வேலைக்கு எடுக்கக்கூடாது

வங்கி அப்புக்கு வேண்டாம். காலையில் ஹட்டனிலும் பத்து நிமிடத்தில் ஆம்ஸ்டர்டாமிலும் உங்களைக் கண்டால் வங்கி கணக்கைப் பூட்டிவிடக்கூடும். திறப்பிக்க ஒரு நாள் வேலையை விட்டு டவுனுக்குப் போக வேண்டும், அன்றைய பெயரும் (அன்றைய நாட்சம்பளமும்) போய்விடும். அரசாங்கத் தளங்கள் சில வெளிநாட்டு முகவரிகளிலிருந்து திறப்பதில்லை. பரீட்சை முடிவு பார்க்கும் நாளில் "சைட் வேலை செய்யல அண்ணே" என்று ஓடிவரும் பிள்ளைகளிடம் நான் முதலில் பார்ப்பது விபிஎன் போட்டிருக்கிறதா என்பதைத்தான்.

என் கடை போன்ற இடங்களில் இருக்கும் பொதுக் கம்பியூட்டரில் எந்தப் புரொக்ஸியும் உங்களைக் காப்பாற்றாது. விசைப்பலகையில் தட்டுவதையே பதிவுசெய்யும் மென்பொருள் உள்ளே இருந்தால், பூட்டுப் போடுவதற்கு முன்பே கடிதத்தைப் படித்துவிடுவார்கள். அடையாள அட்டை, ஈபிஎப் (ஊழியர் சேமலாப நிதி) விபரம் போன்றவற்றை முடிந்தவரை உங்கள் போனிலேயே பாருங்கள். கடைக்காரனான நானே சொல்கிறேன்.

சட்டமும் தடை நாட்களும்

2018 மார்ச்சில் கண்டி, திகன கலவரத்தின்போது பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் எல்லாம் நின்றன. 2019இல் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பின் மறுபடி, மே மாதத்தில் இன்னொரு தரம். 2022 ஏப்ரல் 3 அன்று போராட்டக் காலத்தில் அரை நாளுக்கு மேல். ஒவ்வொரு தரமும் நாடே ஒரே இரவில் விபிஎன் தேடியது. அவசரத்தில் கிடைத்ததைப் போட்டார்கள், அவசரத்தில் கிடைப்பவை பெரும்பாலும் மேலே சொன்ன கண்ணாடித் திரைகள். ஆகவே சரியானதை அமைதியான நாளிலேயே இறக்கி, ஒருதரம் ஓட்டிப்பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

இலங்கையில் புரொக்ஸியோ விபிஎன்னோ பாவிப்பதையே குற்றமாக்கும் சட்டம் இல்லை. அதன் பின்னால் நின்று செய்யும் குற்றம் குற்றம்தான். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டமும், 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் ஐபி எந்த நாடு என்று பார்த்து விட்டுவிடாது.

வளைகுடாவில் வேலை செய்யும் அக்காமாருக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். ஐக்கிய அரபு அமீரகத்தில் வட்ஸ்அப் அழைப்பு வேலை செய்யாததால் வீட்டாரோடு கதைக்க விபிஎன் போடுகிறார்கள். அங்கே குற்றம் செய்வதற்காகவோ மறைப்பதற்காகவோ விபிஎன் பாவித்தால் தண்டப்பணமே 5 இலட்சம் திர்ஹாமிலிருந்து தொடங்குகிறது. இங்கே இருக்கும் தம்பி "ஒன்னும் ஆகாதுக்கா, போடு" என்று போனில் சொல்லிக் கொடுக்கும் விஷயம் இல்லை. அங்கே அனுமதிக்கப்பட்ட அழைப்பு அப்கள் இருக்கின்றன, அவற்றைக் கேட்டுத் தெரிந்து பாவியுங்கள்.

கடைசியாக, வேலை முடிந்ததும் போட்டதைக் கழற்றுங்கள். வைபை பெட்டிக்குள் கைமுறையாகப் போட்ட புரொக்ஸி, அந்தச் சேவை செத்துப்போன பின்னும் அங்கேயே இருக்கும். போன் அந்த முகவரியைத் தட்டிக்கொண்டே நிற்கும், யாரும் திறக்கமாட்டார்கள். கிழமைக்கு ஒருவராவது "புது போன் அண்ணே, வைபை ஃபுல்லா காட்டுது, ஒன்னும் ஓப்பன் ஆகல" என்று கொண்டுவருகிறார்கள். பென்சில் படத்தைத் தொட்டு, "மெனுவல்" என்றிருப்பதை "நன்" (எதுவுமில்லை) என்று மாற்றிக் கொடுப்பேன். அதற்கு நான் காசு வாங்குவதில்லை.